இறக்குமதி வரி குறைந்தால் ஏழை வீட்டில் என்ன நடக்கும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்த்தகத் தாராளமயம் என்று சொன்னதுமே பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு அது வறுமையை விரட்டிய மருந்து. இன்னொரு கட்சிக்கு அது சிறு விவசாயியின் கழுத்தில் விழுந்த சுருக்கு. சிக்கல் என்னவென்றால், இரண்டு பேர் கையிலும் உண்மையான உதாரணங்கள் இருக்கின்றன. அதனால் கட்சி கட்டாமல், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

தாராளமயம் என்றால் சரியாக எதைச் சொல்கிறோம்?

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரவும் உள்நாட்டுச் சரக்கு வெளியே போகவும் அரசு போட்டிருக்கும் தடைகளைக் குறைப்பது. தடைகள் பல உருவில் இருக்கும்: இறக்குமதி வரி, 'இவ்வளவுதான் வரலாம்' என்ற கோட்டா, லைசென்ஸ், ஏற்றுமதித் தடை, அரசு நிறுவனம் மட்டுமே வாங்கலாம் என்ற ஏகபோகம்.

தனியார்மயம், அந்நிய முதலீடு, மானிய வெட்டு எல்லாம் வேறு சமாச்சாரங்கள். பல நாடுகளில் இவை ஒரே நேரத்தில் வந்ததால் எல்லாவற்றையும் ஒரே பெயரில் திட்டுகிறார்கள், அல்லது புகழ்கிறார்கள். இந்தியாவில் 1991-ல் எல்லாக் கதவையும் ஒரே நாளில் திறந்துவிட்டார்கள் என்பதும் அப்படியொரு குழப்பம்தான். அந்த ஆண்டு 300 சதவீதத்தைத் தாண்டியிருந்த உச்ச வரி 150 சதவீதத்துக்கு இறங்கியது. இயந்திரங்கள், மூலப்பொருட்கள் போன்றவற்றுக்கான லைசென்ஸ் முறை பெருமளவு போனது. நுகர்பொருட்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு கடைசியாக நீங்கியது 2001 ஏப்ரல் 1-ல்.

வெளிநாட்டுச் சரக்கு வந்தால் விலை குறையும். விலை குறைந்தால் ஏழைக்கு நல்லதுதானே?

வாங்குபவருக்கு நல்லது, விற்பவருக்குக் கெட்டது. ஆனால் ஒரே ஏழை இரண்டுமாக இருப்பார். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஒரு சிறு விவசாயி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்து மூட்டை தானியம் அறுக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு மாதம் ஒரு மூட்டை வேண்டும். உரக் கடனும் விதைக் கடனும் காத்திருப்பதால் களத்திலேயே ஆறு மூட்டையை விற்றுவிடுகிறார்கள். மிச்சம் நான்கு, நான்கு மாதத்தில் தீர்ந்துபோகிறது. மீதி எட்டு மாதம் கடையில் வாங்க வேண்டும். அதாவது ஆறு விற்று எட்டு வாங்கும் வீடு. பெயர் என்னவோ விவசாயக் குடும்பம். கணக்குப்படி பார்த்தால் தானியம் வாங்கும் குடும்பம்.

விலை சரிந்தால் இந்த வீட்டுக்கு லாபமா, நஷ்டமா? அறுவடை மாதத்தில் களத்து விலை எவ்வளவு சரிந்தது, பஞ்ச மாதத்தில் கடை விலை எவ்வளவு சரிந்தது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் பதில் வரும். இரண்டும் ஒரே அளவில் சரிவது அபூர்வம்.

நிலமே இல்லாத கூலித் தொழிலாளி நிலைமை இன்னும் சுற்றிவளைத்தது. அவர் எல்லாவற்றையும் கடையில்தான் வாங்குகிறார். விலை குறைந்தால் சந்தோஷம். ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது அந்தத் தானியத்தை விற்கும் விவசாயி. அவர் நொடித்தால் ஆள் வைப்பதைக் குறைப்பார்.

துறைமுகத்தில் குறைந்த விலை கடை வரைக்கும் வந்து சேருமா?

பாதி வழியில் கரைந்துபோவது உண்டு. பிலிப்பைன்ஸ் அரிசிக் கதையை இதற்காகவே படிக்கலாம்.

அங்கே எவ்வளவு அரிசி உள்ளே வரலாம் என்பதை அரசுதான் நீண்ட காலமாக முடிவு செய்துவந்தது. 2018-ல் அரிசி விலை எகிறியது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் பணவீக்கம் 6.7 சதவீதத்தைத் தொட்டது. நகரத்து ஏழைகள் கொதித்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது: அளவுக் கட்டுப்பாடு நீக்கம், அதற்குப் பதில் தென்கிழக்காசிய அண்டை நாட்டு அரிசிக்கு 35 சதவீத வரி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் இறக்கலாம்.

அரிசி வந்து குவிந்தது. முந்தைய ஆண்டு இறுதியில் கிலோ 20 பேசோவைச் சுற்றி இருந்த நெல், 2019 அறுவடைக் காலத்தில் 15, 16 பேசோவுக்கு வந்துவிட்டது. கடையில் அரிசி விலையும் இறங்கியது, ஆனால் நெல் விழுந்த வேகத்தில் இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரிவதுதான். ஈர நெல்லோடு களத்தில் நிற்பவருக்கு உலர்த்தக் களமும் இல்லை, வைத்துக்கொள்ளக் கிடங்கும் இல்லை. வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அரிசி ஆலைக்காரரும் மொத்த வியாபாரியும் அப்படி இல்லை. நாளை விற்றாலும் அவர்கள் சரக்கு கெடாது. காத்திருக்க முடிந்தவர் லாபத்தைப் பிடித்துக்கொள்கிறார், முடியாதவர் நஷ்டத்தைச் சுமக்கிறார்.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது: வரி வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 1,000 கோடி பேசோவை நெல் விவசாயத்துக்கென்றே ஒதுக்கினார்கள். அதில் பெரும்பகுதி இயந்திரத்துக்கும் விதைக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் இந்த மாதக் கடனை அடைக்க வேண்டியவருக்கு அடுத்த ஆண்டு சங்கத்துக்கு வரப்போகும் அறுவடை இயந்திரத்தால் என்ன பயன்? அதோடு, இயந்திரம் வந்தால் கையால் அறுத்துக் கூலி வாங்கியவர் எங்கே போவார்? சிறு விவசாயிகளுக்கு 5,000 பேசோ ரொக்கம் கொடுக்கும் ஏற்பாடு பின்னால் வந்து சேர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, அரிசியைக் கடையில் வாங்கும் ஏழைகளுக்கு அந்தச் சட்டம் உதவியது என்பதையும் மறுக்க முடியாது. அது உதவியது, நெல் விற்றவரை நொறுக்கியது. இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில்.

ஏற்றுமதித் தடையை எடுத்தால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்குமே, அதில் என்ன பிரச்சினை?

கிடைத்த நாடும் உண்டு, பெயருக்கு மட்டும் கிடைத்த நாடும் உண்டு.

முதலில் வியட்நாம். 1990களில் அரிசி ஏற்றுமதிக் கோட்டாவைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். 1997-ல் நாட்டுக்குள் வடக்கு, தெற்கு என்று அரிசி நகர்வதற்கு இருந்த தடையையும் எடுத்தார்கள். அரிசி விலை ஏறியது. வாங்கிச் சாப்பிடுபவர்கள் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அங்கே நிலம் ஓரளவு சமமாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் கிராமத்து வீடுகளில் பெரும்பாலானவை நெல் விளைவிப்பவை. கையில் காசு வந்ததும் பிள்ளைகளை வயலிலிருந்து எடுத்தார்கள். அரிசி விலை ஏறிய இடங்களில் குழந்தை உழைப்பு குறைந்ததை ஆய்வாளர்கள் வீட்டுக் கணக்கெடுப்புகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள்.

இனி மொசாம்பிக். ஒரு காலத்தில் உலக முந்திரிச் சந்தையில் முதலிடத்தில் இருந்த நாடு. பச்சை முந்திரிக்கொட்டை வெளியே போனால் உள்ளூர் ஆலைகளுக்குச் சரக்கு கிடைக்காது என்று ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தார்கள். பிறகு அது கனமான ஏற்றுமதி வரியாக மாறியது. 1990களில் உலக வங்கி அழுத்தியது: வரியைக் குறையுங்கள், விவசாயிக்கு உலக விலை கிடைக்கும், வறுமை குறையும். காகிதத்தில் குறையில்லாத வாதம். வரியைக் குறைத்தார்கள்.

நடந்தது வேறு. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்குப் போனது. அங்கே அதை வாங்கும் வியாபாரிகள் சிலர்தான், விலை அவர்கள் கையில். மொசாம்பிக்கில் இடைத்தரகர்கள் பல அடுக்கு. உலக விலையின் ஏற்றம் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. முந்திரி வளர்க்கும் சராசரி விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் சுமார் 5 டாலர் என்று பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. மறுபக்கம், ஆலைகள் மூடி, அங்கே வேலை பார்த்த சுமார் 10,000 பேரில் பெரும்பாலோர் தெருவுக்கு வந்தார்கள். முந்திரி உடைப்பது சுகமான வேலை ஒன்றும் இல்லை, ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் தோலை எரிக்கும். ஆனாலும் மாதச் சம்பளம் வரும் வேலை அந்தப் பகுதிகளில் வேறு என்ன இருந்தது?

'அந்த ஆலைகள் திறமையற்றவை, மூடியதே சரி' என்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் 'விவசாயிக்குப் போய்ச் சேரும்' என்று சொன்ன பணம் எந்த வழியாகப் போகும் என்று ஒருவரும் வழியில் நின்று பார்க்கவில்லை. இரண்டு நாட்டிலும் கொள்கை ஒன்றுதான். நிலம் யாரிடம், தரகர் எத்தனை பேர், வாங்குபவர் எத்தனை பேர் என்பதில்தான் முடிவு மாறியது.

வேலையும் கூலியும் கூடும் என்று பாடப்புத்தகம் சொல்கிறதே?

ஸ்டால்ப்பர், சாமுவேல்சன் இருவரும் 1941-ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய வாதம் அது. ஆள் பலம் அதிகமுள்ள ஏழை நாடு வர்த்தகத்துக்குத் திறந்தால், ஆட்களை அதிகம் வைத்துச் செய்யும் தொழில்கள் வளரும், சாதாரணத் தொழிலாளியின் கூலி ஏறும், ஏற்றத்தாழ்வு குறையும். கேட்க அழகாக இருக்கும்.

மெக்சிகோவில் 1980களின் நடுவில் திறந்தபோது நடந்தது தலைகீழ்: படித்தவருக்கும் படிக்காதவருக்குமான கூலி இடைவெளி விரிந்தது. ஒரு காரணம், அங்கே அதிகப் பாதுகாப்பு வரியில் இருந்தவையே துணி, செருப்பு மாதிரி சாதாரணத் தொழிலாளர் நிறைந்த தொழில்கள். வரியைக் குறைத்ததும் அடி அவர்கள் மேல்தான் விழுந்தது. இன்னொன்று, புத்தகத்துத் தொழிலாளி இன்று நெசவாலையில், நாளை மோட்டார் ஆலையில் என்று நொடியில் மாறிவிடுவார். நிஜத்தில் நாற்பது வயதுத் தறிக்காரர் ஊரைவிட்டு, வீட்டைவிட்டு, கடனைவிட்டு எங்கே போவார்?

இந்தியாவில் 1991-க்குப் பிறகு வறுமை குறைந்ததா, கூடியதா?

குறைந்தது. ஆனால் எல்லா மாவட்டத்திலும் ஒரே வேகத்தில் இல்லை. இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வு, பெட்டியா தொபலோவா என்ற பொருளாதார ஆய்வாளர் செய்தது. 1991-ல் எந்த மாவட்டத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எடுத்து, அந்தத் தொழில்களுக்கு வரி எவ்வளவு குறைந்தது என்று பொருத்திப் பார்த்தார். வரிக் குறைப்பின் அடியை அதிகம் வாங்கிய ஊரக மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்திருந்தது. தொழிலாளர் சட்டம் இறுக்கமாக இருந்த மாநிலங்களில் பாதிப்பு கூடுதல். மக்கள் பிழைப்பு தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் பெரிதாக நகரவும் இல்லை.

இதைப் பலர் 'தாராளமயத்தால் இந்தியாவில் வறுமை ஏறியது' என்று மேற்கோள் காட்டுகிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தை இன்னொரு மாவட்டத்தோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். நாடு முழுவதற்கும் சேர்த்து நன்மையா, தீமையா என்ற கேள்விக்கு அந்த முறையில் பதில் கிடைக்காது.

வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் கணக்கில் வரவு பக்கம்தான், அடிக்கோடிட்ட செலவோடு. 1970களின் கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் தொடங்கிய தொழில். 1979-ல் ஒரு உள்ளூர் நிறுவனம் தன் ஆட்கள் 130 பேரைப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியது அதன் தொடக்கக் கதை. இன்று நாட்டின் ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடைதான். வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆலைகளுக்குப் பக்கத்துக் கிராமங்களில் பெண் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் இருந்தார்கள், திருமணம் தள்ளிப்போனது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்குத் தெரிந்தால் தையல் ஆலையில் சூப்பர்வைசர் ஆகலாம் என்பது ஒரு தகப்பனுக்குப் புரியும் காரணம்.

செலவு பக்கம்: 2013 ஏப்ரல் 24, ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. சுவரில் விரிசல் தெரிந்த மறுநாளும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். இதற்கும் தாராளமயம்தான் காரணமா? கட்டட விதியை அமல்படுத்தாதது உள்நாட்டுக் குற்றம். கொடுத்த தேதிக்குச் சரக்கு, அதுவும் அடிமாட்டு விலைக்கு என்று நெருக்கியது வெளிநாட்டு வாங்குபவர்கள். பொறுப்பைப் பிரித்துக்கொள்ளட்டும்.

ஆரம்பத்தில் வலிக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்களே?

பிரேசில் அனுபவம் அதற்கு நேர் எதிர். 1990–95-ல் அங்கே வரியைக் குறைத்தார்கள். அடி வாங்கிய பகுதிகளையும் தப்பித்த பகுதிகளையும் இருபது ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோது, வருமான இடைவெளி பத்தாம் ஆண்டில் இருந்ததைப்போல இருபதாம் ஆண்டில் மூன்று மடங்கு இருந்தது. ஆலை மூடிய ஊரில் புதிதாக யாரும் முதல் போடுவதில்லை. முதல் வராததால் இருக்கிற கடைகளும் சுருங்கின. காயம் ஆறாமல் புண்ணானது.

சீனாவைப் பாருங்கள், வர்த்தகம்தானே கோடிக்கணக்கானோரைத் தூக்கிவிட்டது?

ஒரு பங்கு உண்மை. உலக வங்கியின் பழைய கணக்குப்படி (நாளுக்கு 1.90 டாலர்) 1990-ல் உலக மக்களில் 36 சதவீதம் கடும் வறுமையில் இருந்தார்கள், 2015-ல் 10 சதவீதம். இதில் பெரும்பங்கு சீனாவுடையது. ஆனால் அங்கே வறுமை மிக வேகமாகச் சரிந்த காலங்களில் ஒன்று 1980களின் முதல் பாதி. கூட்டுப் பண்ணையை உடைத்து நிலத்தைக் குடும்பங்களிடம் பயிரிடக் கொடுத்த காலம் அது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001-ல்தான். ஏற்றுமதி ஆலைகள் வந்தபோது ஓடிப்போய் வேலை பிடிக்க, ஓரளவு சாப்பிட்ட, எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்து ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

அரசுக்கு வரி வருமானம் போகுமே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். வருமான வரி வசூலிக்க அமைப்பே இல்லாத ஏழை நாட்டில் துறைமுகம்தான் கல்லாப்பெட்டி. கப்பலை ஒளித்துவைக்க முடியாது அல்லவா. சுங்க வரியைக் குறைத்துவிட்டு, இழந்ததை விற்பனை வரி, மதிப்புக்கூட்டு வரி என்று பிடித்துக்கொள்ளலாம் என்பது அறிவுரை. மிக ஏழை நாடுகள் பல, இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்க முடியாமல் திணறின. வெட்டு எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை: கிராமத்து ஆஸ்பத்திரி, பள்ளி.

நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுத்தால் போதாதா?

கொடுக்கலாம், எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் போட்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்க மக்காச்சோளம் வந்து மோதப்போகிறது என்று மெக்சிகோவுக்குத் தெரியும். 'புரோகாம்போ' என்ற பெயரில் விவசாயிக்கு ரொக்கம் கொடுத்தார்கள். சந்தைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்கென்று விளைவித்தவருக்கும் கிடைத்தது, பாராட்டலாம். ஆனால் கொடுத்தது ஹெக்டேர் கணக்கில். நிலம் பெரிதானால் பணம் பெரிது, நிலமே இல்லாத கூலிக்கு ஒன்றுமில்லை. மக்காச்சோளத்தை 15 ஆண்டில் படிப்படியாகத் திறப்பதாக ஒப்பந்தம். அரசோ கோட்டாவை மீறி வந்த சரக்குக்கு வரி போடாமல் அதற்கு முன்பே விட்டுவிட்டது. கையில் இருந்த பதினைந்து வருட அவகாசத்தைத் தானே கிழித்துப்போட்ட கதை.

அப்போ கதவைச் சாத்தியே வைத்தால் என்ன?

சாத்திய கதவால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர், போட்டியில்லாத ஆலை முதலாளி, எல்லையில் கள்ளச்சரக்கு கடத்துபவர். நைஜீரியா பல காலம் அரிசி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியும் பக்கத்து நாடான பெனின் வழியாகக் கடத்தல் ஓயாமல், 2019-ல் எல்லையையே மூட வேண்டிவந்தது.

ஒரேயடியாகத் திறந்ததன் பலனுக்கு ஹைட்டி. 1990களின் நடுவில் அரிசி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்தார்கள்; மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி உள்ளூர் நெல்லைத் தூக்கிச் சாப்பிட்டது. அந்தக் கொள்கையைத் தள்ளியவர்களில் ஒருவரான பில் கிளின்டனே 2010-ல் அமெரிக்க செனட் குழு முன்னால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன், 2008-ல், உலக அரிசி விலை சில மாதங்களில் மூன்று மடங்காகப் பறந்திருந்தது. இந்தியா, வியட்நாம் போன்ற நாடுகள் ஏற்றுமதியை நிறுத்தியதும் அதற்கு ஒரு காரணம். உள்ளூர் வயலைக் கைவிட்டு இறக்குமதியை நம்பிய நாடு, அடுத்தவர் கதவைச் சாத்தும்போது என்ன செய்யும்?

பணக்கார நாடுகள் தங்கள் கதவைத் திறக்கின்றனவா?

தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும். பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு ஏழை ஆப்பிரிக்க நாடுகளும் 2003-ல் உலக வர்த்தக அமைப்பில் பணக்கார நாடுகளின் பருத்தி மானியத்தைப் பற்றி முறையிட்டன. அமெரிக்கப் பருத்தி மானியத்துக்கு எதிராக வழக்கே போட்டு வென்றது பிரேசில்தான். வழக்காட அதனிடம் வக்கீலும் பணமும் இருந்தது.

புதிய வர்த்தக ஒப்பந்தம் என்று செய்தி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

தலைப்பையும் கைகுலுக்கும் படத்தையும் விட்டுவிட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கும் வரி அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய வரி, எத்தனை ஆண்டில் எவ்வளவுக்கு இறங்கும், எவை விலக்குப் பட்டியலில் என்று வரிசையாக இருக்கும். சிறு விவசாயி விற்கும் பொருள் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடுங்கள். முதல் ஆண்டிலேயே பூஜ்யமா, பத்து ஆண்டு அவகாசமா? இறக்குமதி திடீரென்று பெருகினால் வரியைத் திரும்ப ஏற்ற வழி இருக்கிறதா என்பது அடுத்தது. ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்து பேசிய ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகியபோது, பால் விவசாயிகளின் பயமும் இந்தப் பாதுகாப்பு விதிமேல் வந்த சண்டையும் காரணங்களில் சேர்த்தி. ஏற்ற வழி இருந்தாலும், அதைப் பயன்படுத்த எத்தனை மாதம் விசாரணை நடக்க வேண்டும் என்ற பிரிவையும் படியுங்கள். ஈர நெல் எத்தனை நாள் தாங்கும் என்பது அந்தப் பிரிவில் இருக்காது.